ஒரே விசைப்பலகையில் மூன்று மொழிகள்: தமிழ்ப்பள்ளி மாணவர் எம்முறையில் தட்டச்சுப் பழக வேண்டும்?



தைப்பிங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் ஒரே நாளில் மூன்று மொழிகளில் எழுதுகிறார். தமிழ்ப் பாடத்திலும் கணிதத்திலும் தமிழ், தேசிய மொழிப் பாடத்தில் மலாய், அடுத்த பாடவேளையில் ஆங்கிலம். கையால் எழுதும்போது இதில் குழப்பமில்லை. தமிழுக்குத் தமிழ் எழுத்து, மற்ற இரண்டுக்கும் ரோமன் எழுத்து. கணினியின் முன் அமர்ந்ததும் நிலை மாறிவிடுகிறது. மூன்று மொழிகளும் ஒரே விசைப்பலகையின் வழியாகத்தான் வெளிவர வேண்டும். அப்பலகையின் மீதோ ரோமன் எழுத்துகள் 26 மட்டுமே அச்சிடப்பட்டுள்ளன.

மலாயும் ஆங்கிலமும் அப்பலகையில் இயல்பாக அமர்கின்றன. தமிழ் மட்டும் அதற்குள் எவ்வழியே நுழைவது? பழகிய ரோமன் எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறுவதா, அவ்விசைகளிலேயே தமிழ் எழுத்துகளை அமர்த்திக்கொள்வதா? இது தொழில்நுட்பர் மட்டும் முடிவு செய்ய வேண்டியது என்று பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு குழந்தை தன் மொழியின் ஒலிகளை எவ்வாறு பகுத்து உணர்கிறது, எழுத்து வேறுபாடுகளை எங்கே நினைவில் வைக்கிறது என்பதோடு பிணைந்த வினா இது. ஆகவே இது மொழியாசிரியரின் வினாவும் ஆகும்.

தட்டச்சுப் பொறியும் மலாயாத் தமிழரும்

இன்று நாம் பயன்படுத்தும் குவெர்ட்டி விசையமைப்பு அமெரிக்கரான கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. ரெமிங்டன் நிறுவனம் அப்பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது 1874இல். லாருட் போர்கள் ஓய்ந்து பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே ஆண்டில்தான். போருக்குப் பின் எழுந்த இந்நகருக்குப் 'பேரமைதி' என்று பொருள்படும் தைப்பிங் என்னும் சீனப் பெயர் அமைந்தது. 1885இல் இங்கிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. அரசு அலுவலகங்களிலும் தொடர்வண்டித் துறையிலும் எழுத்தர்களாகப் பணியாற்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் மலாயா வந்தனர். அலுவலகத்தில் அவர்கள் ஆங்கிலத்தில் எழுதினர். தம் மொழிக்கு அத்தகைய பொறி இல்லாத குறையை அவர்களைப் போல் உணர்ந்தவர் வேறு யார் இருந்திருக்க முடியும்?

அக்குறையைத் தீர்த்தவரும் அவர்களுள் ஒருவரே. 1886இல் பிறந்து, 1907இல் மலாயா வந்து, பின்னர் சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். அதை ஜெர்மனியின் சைடல் நௌமன் நிறுவனம் உருவாக்கித் தந்தது. அவர் எதிர்கொண்ட சிக்கல் எளிதன்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகளை ஏறத்தாழ நாற்பது விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்துக் கொம்பு, கால், விசிறி, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனி விசைகளில் வைத்ததும், சில விசைகளைத் தட்டினால் தாள் நகராமல் நிற்கச் செய்ததும் அதற்கான தீர்வு ஆயின. நகரா விசையால் புள்ளியையோ விசிறியையோ முதலில் பதித்து, அதே இடத்தில் மெய்யின் வடிவத்தை அடுத்துப் பதித்தனர்.

இவ்வமைப்பின் அடிப்படை வடிவம். 'கொ' எழுத வேண்டுமாயின் கொம்பு, 'க', கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்ட வேண்டும். 'க்' என்னும் மெய்யும் 'ஒ' என்னும் உயிரும் கூடியது 'கொ' என்று முதலாம் ஆண்டிலேயே நாம் கற்பிக்கும் இலக்கணத்திற்கும் விரல்களின் வேலைக்கும் தொடர்பில்லை. பொறியின் இயல்பு அவ்வளவே இடம் தந்தது.

வடிவத்திலிருந்து ஒலிக்கு

கணினி வந்தபோது இத்தளை அறுந்தது. எழுத்தை எவ்வரிசையில் உள்ளிட்டாலும் திரையில் உரிய வடிவத்தைக் காட்டக் கணினியால் இயலும். ஆகவே மெய்யை முதலிலும் உயிரை அடுத்தும் தட்டும் முறை சாத்தியமாயிற்று. இத்துறையில் மலேசியாவின் பங்கு பெரிது. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். பின்னர் அது முரசு அஞ்சலாக வளர்ந்து, ரோமன் எழுத்துகளை ஒலிக்கேற்பத் தட்டித் தமிழ் பெறும் அஞ்சல் விசைமுறையை உலகெங்கும் பரப்பியது. 2005இல் செல்லினம் வழியாகத் தமிழ் கைப்பேசியிலும் நுழைந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று 1997இல் தமிழிணைய மாநாட்டைக் கூட்டினார். 2001இல் அம்மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

இடையில் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' என்னும் பொது விசையமைப்பு பிறந்தது. தமிழ்நாட்டரசு அதை ஏற்றது. எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்றிருந்த அக்காலத்தில், ஒரு கணினியில் எழுதிய மடல் மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. ஒருங்குறி பரவிய பின் அத்தொல்லை நீங்கியது. எவ்விசைமுறையில் தட்டினாலும் இன்று சேமிக்கப்படுவது ஒரே தமிழ்தான். படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆயின் வேறுபாடே இல்லை என்பது பிழை. அது தட்டுபவரின் மனத்தில் இருக்கிறது.

ஒரு விசை, மூன்று ஒலி

ரோமன் வழித் தட்டச்சின் நன்மையை முதலில் மறைக்காமல் கூறுவோம். புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. ஆங்கிலத்திலோ மலாயிலோ தட்டத் தெரிந்தவர் அன்றே தமிழில் எழுதத் தொடங்கலாம். இலக்கண நோக்கிலும் அம்முறைக்கு ஒரு சிறப்புண்டு. 'கே' விசையைத் தட்டினால் 'க்' தோன்றுகிறது. அதனுடன் 'ஏ' விசையைச் சேர்த்தால் 'க' ஆகிறது. மெய்யை அடிப்படையாகக் கொண்டு அதன்மேல் உயிரேற்றும் தொல்காப்பிய நெறிக்கு இது நெருக்கமானது. நாட்டைவிட்டு அயலகம் சென்றவர், பள்ளியில் தமிழ் பயிலாமல் பின்னர் ஆர்வத்தால் கற்பவர் எனப் பலரைத் தமிழ் எழுத வைத்தது இம்முறையே. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் 'பழகிய விசை' என்பதில் ஒரு மயக்கம் உண்டு. விரலுக்குத்தான் அது பழகியது. விசைக்குரிய ஒலி மொழிதோறும் மாறுகிறது. நம் நகரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். பெயர்ப்பலகைகளில் அது 'டி' எழுத்தில் தொடங்குகிறது. மலாயில் அவ்வெழுத்தின் ஒலி நம் தகரத்திற்கு நெருக்கமானது. ஆங்கிலத்தில் அது டகரத்தை ஒத்து ஒலிக்கும். அஞ்சல் முறையிலும் அவ்விசை டகரத்தையே தரும். பெயர்ப்பலகையில் உள்ளவாறே ஒரு மாணவர் தட்டினால் திரையில் தோன்றுவது 'டைபிங்'. 'தைப்பிங்' பெற வேண்டுமாயின் 'டி'யுடன் 'எச்' சேர்க்க வேண்டும். 'பி' விசையை இருமுறை தட்டவும் வேண்டும். ஒரே விசைக்கு மலாயில் ஓர் ஒலி, ஆங்கிலத்தில் ஓர் ஒலி, தமிழுக்கு அவ்விரண்டிலிருந்தும் வேறான ஒரு விதி என மூன்று கணக்குகளைக் குழந்தை ஒருங்கே சுமக்கிறது.

மெய்யொலிகளில் இச்சுமை கூடுகிறது. தமிழில் மெல்லின எழுத்துகள் ஆறு: ங, ஞ, ண, ந, ம, ன. மலாயில் மூக்கொலிகள் நான்கு. ஆங்கிலத்தில் மூன்று. ரோமன் நெடுங்கணக்கில் இவற்றுக்கென உள்ள எழுத்துகளோ 'எம்', 'என்' ஆகிய இரண்டே. ஆகவே மகரம் நீங்கலான ஐந்து எழுத்துகளும் 'என்' விசையின் கீழ் நெருக்கியடித்துக்கொள்கின்றன. சிறிய 'என்' னகரம், பெரிய 'என்' ணகரம், சொல்லின் தொடக்கத்தில் வந்தால் நகரம், 'ஜி' சேர்ந்தால் ஙகரம், 'ஜே' சேர்ந்தால் ஞகரம் என விதிகள் பெருகுகின்றன. ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தும் இவ்வாறே 'ஆர்', 'எல்' என்னும் இரண்டு எழுத்துகளையும் கடன் வாங்கிய 'இசட்' எழுத்தையும் நம்பி நிற்கின்றன. தமிழ் மெய்கள் 18இல் இவ்வகையில் இடர்ப்படுபவை பத்து. தமிழின் தனித்தன்மையைத் தாங்குபவையும் பெரும்பாலும் இவையே.

இங்கேதான் நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தி உள்ளது. ந, ன வேறுபாடு இன்றைய பேச்சில் பெரும்பாலும் இல்லை. ர, ற வேறுபாடும் பலர் பேச்சில் மறைந்துவிட்டது. ழகரத்தை ளகரமாகவோ லகரமாகவோ ஒலிப்போர் நம் நாட்டில் பலர். செவி காட்டித்தராத வேறுபாட்டைக் கண்ணும் கையுமே காத்துவருகின்றன. எழுதி எழுதிப் பழகிய கை 'அரம்' வேறு, 'அறம்' வேறு என்று அறியும். எழுதும் வேலை விசைப்பலகைக்கு மாறும்போது, அவ்வேறுபாட்டைக் காக்கும் பொறுப்பும் விசைப்பலகைக்கு மாறுகிறது. 'மாணவன்' என்னும் சொல்லில் ணகரத்திற்கும் னகரத்திற்கும் ஒரே விசையைத் தட்டும் பிள்ளைக்குத் திரையில் 'மானவன்' கிடைக்கிறது.

சொற்களை ஊகித்துத் தரும் செயலிகள் இப்பிழையைத் திருத்திவிடுகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். அதனாலேயே சிக்கல் கண்ணுக்குத் தெரிவதில்லை. தைப்பிங் மலைக்கும் மழைக்கும் பெயர்போன ஊர். ஒரு மாணவர் இரண்டில் எதை நினைத்து ரோமனில் தட்டினாலும், செயலி 'மலை', 'மாலை', 'மழை' என்று வரிசையாகக் காட்டுகிறது. அவர் ஒன்றைத் தொடுகிறார். காட்டியதைக் கண்டறிவது ஒரு திறன். காட்டாமலே எழுதுவது மற்றொரு திறன். முதலாவதை மட்டும் பழகியவர் தேர்வுத்தாளின் முன் எழுதுகோலோடு அமரும்போது இரண்டாவது கைகொடுப்பதில்லை.

சீன மாணவரும் தமிழ் மாணவரும்

"சீனப்பள்ளி மாணவர்களும் ரோமன் எழுத்தைத் தட்டித்தானே சீனம் எழுதுகின்றனர்?" என்று நம்மிடம் கேட்போர் உண்டு. நல்ல வினா. அவர்கள் பயன்படுத்துவது பின்யின் என்னும் ஒலிபெயர்ப்பு முறை. 1958இல் சீனாவில் ஏற்கப்பட்ட அம்முறைக்கும் நம் ரோமன் வழித் தட்டச்சுக்கும் இரண்டு அடிப்படை வேறுபாடுகள் உள்ளன.

முதலாவது, பின்யின் ஒரே தரமாக வரையறுக்கப்பட்டுப் பள்ளியிலேயே கற்பிக்கப்படுகிறது. அதில் ஒவ்வொரு ரோமன் எழுத்துக்கும் சீன மொழிக்குரிய ஒலி இன்னதென்று குழந்தை தொடக்கத்திலேயே அறிகிறது. தமிழை ரோமனில் எழுதுவதற்கு அத்தகைய பொதுமுறை எதையும் நாம் பள்ளியில் கற்பிப்பதில்லை. நம் அடையாள அட்டைகளே சான்று. லெட்சுமி, முனியாண்டி போன்ற பெயர்கள் குடும்பத்திற்குக் குடும்பம் வெவ்வேறு ரோமன் எழுத்துகளில் பதிவாகியுள்ளன. இரண்டாவது, சீனத்தில் எழுத்துகள் ஆயிரக்கணக்கானவை. அவற்றை விசைகளில் நேரடியாக அமர்த்த வழியில்லை. சுற்றுவழி அவர்களுக்குத் தேவை. தமிழுக்கோ அடிப்படை எழுத்துகள் 31 மட்டுமே. அவற்றை அமர்த்தப் பலகையில் இடமுண்டு.

சுற்றுவழிக்குச் சீனர் கொடுக்கும் விலையையும் எண்ணிப் பார்க்கலாம். எழுதுகோலைக் கையில் எடுத்தால் எழுத்து மறந்துபோகும் நிலையைக் குறிக்கச் சீனத்தில் தனித் தொடரே வழங்குகிறது. தவிர்க்க முடியாத அவ்விலையை அவர்கள் கொடுக்கின்றனர். தவிர்க்கக்கூடிய நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

இந்திய மொழிகளுக்கு ஒரே அமைப்பு

பல மொழிகளுக்கு ஒரே விசையமைப்பு என்னும் கருத்து இந்தியாவிலும் வேறொரு வடிவில் முயலப்பட்டது. 1980களில் உருவான இன்ஸ்கிரிப்ட் அமைப்பில், தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, தமிழ் முதலிய எழுத்துமுறைகள் அனைத்திலும் ககரம் ஒரே விசையில் இருக்கும். ஒரு மொழியில் பழகியவர் மற்றொன்றில் தடையின்றித் தட்டலாம். நோக்கம் உயர்ந்தது. ஆயின் அமைப்பு தேவநாகரியின் தேவைகளை ஒட்டி எழுந்தது. தமிழில் இல்லாத மூச்சொலி எழுத்துகளுக்கும் அதில் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. தமிழுக்கு இன்றியமையாத ழ, ள, ற, ன, ண ஆகிய ஐந்தும் ஷிப்ட் விசையோடு சேர்த்துத் தட்ட வேண்டியவையாயின. 'அவன்', 'நான்', 'வந்தேன்' என்று சொல்லுக்குச் சொல் னகர ஒற்றில் முடியும் மொழியில், னகரத்திற்கு ஒவ்வொரு முறையும் இரண்டு விசைகள் தேவை என்றால் எழுதுபவர் களைத்துப்போவார். எல்லா மொழிக்கும் பொதுவான அமைப்பு ஒவ்வொரு மொழிக்கும் பொருத்தமானதாக இருக்க வேண்டுமென்பதில்லை.

முப்பத்தொரு விசைகள்

இனித் தமிழ்99 அமைப்பைக் காண்போம். குவெர்ட்டி பலகையின் 26 எழுத்து விசைகளோடு, பகர அடைப்பு இரண்டு, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு ஆகிய ஐந்து குறி விசைகளைச் சேர்த்தால் 31. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. கூட்டினால் அதுவும் 31. தமிழின் அடிப்படை எழுத்துகள் அனைத்தும் ஷிப்ட் விசையின் துணையின்றியே அமைந்துவிடுகின்றன. ஷிப்ட் விசை ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கே தேவை.

அமைப்பிலும் இலக்கணம் இருக்கிறது. உயிர்கள் இடக்கையிலும், மெய்களுள் பெரும்பாலானவை வலக்கையிலும் உள்ளன. மெய்யும் உயிரும் மாறிமாறி வரும் தமிழ்ச் சொல்லை இரு கைகளும் மாறிமாறித் தட்டுகின்றன. அ, இ, உ, எ ஆகிய குறில்கள் நடுவரிசையிலும், அவற்றின் நெடில்கள் அவற்றுக்கு மேல்வரிசையிலும் உள்ளன. குறிலும் நெடிலும் இணை என்பது விரலுக்கே விளங்குகிறது.

இவற்றினும் சிறந்தது புள்ளி தானே அமையும் முறை. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது புள்ளி பெறும். 'அம்மா' எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் மெல்லினம் தானே புள்ளி பெறும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. ப, ந, த, உ என்று தட்டினால் 'பந்து'. க, ன, ற, உ என்று தட்டினால் 'கன்று'. இனவெழுத்து என்று இலக்கண வகுப்பில் சொல்லித் தரும் ஆறு இணைகளும் இங்கே விசைகளின் விதியாகவே இயங்குகின்றன. புள்ளி வேண்டாத இடத்தில் இடையே அகரத்தைத் தட்டினால் போதும். 'பப்பாளி' எழுத ப, அ, ப, ப, ஆ, ள, இ.

நம் நகரின் பெயரை இம்முறையில் எழுதிப் பார்ப்போம்: த, ஐ, ப, ப, இ, ங, புள்ளி. ஏழு விசைகள். ரோமன் வழியில் ஒன்பது. விசைகள் குறைவது சிறு நன்மையே. தகரமா டகரமா என்னும் ஐயம் இங்கே எழவே இல்லை என்பதே பெருநன்மை. 'மலை'க்கும் 'மழை'க்கும் மூன்று மூன்று விசைகள். நடுவிசை மட்டும் வேறு. எழுத்து வேறுபாடு விரலின் இட வேறுபாடாகப் பதிகிறது. அதே பலகையில் மலாய்க்கோ ஆங்கிலத்திற்கோ மாறினால், ரோமன் எழுத்துகள் தத்தம் ஒலிகளோடு தத்தம் இடத்தில் நிற்கின்றன. ஒரு மொழியின் கணக்கு மற்றொன்றில் கலப்பதில்லை.

வகுப்பறைக்கு

தமிழ்99 கற்பதற்குத் தொடக்கத்தில் உழைப்பு வேண்டும். விசைகளின் மீது தமிழ் எழுத்து இல்லை. வீட்டில் ஒரு கணினியை மூவர் பகிர்ந்துகொள்வர். ஆசிரியர் பலரே ரோமன் வழியில் பழகியவர்கள். இவை உண்மையான தடைகள். ஆயினும் கடக்கக்கூடியவை. நாம் முன்வைக்கும் வழி இது.

எழுத்தறிவு நிலைபெற்ற பின், நான்காம் ஆண்டளவில் தொடங்கலாம். முதலில் உயிரெழுத்துகளை மட்டும் குறில், நெடில் இணைகளாகப் பழக்குக. அடுத்து வலக்கையின் நடுவரிசையிலுள்ள க, ப, ம, த, ந. இவ்வளவிலேயே 'அம்மா', 'தம்பி', 'பந்து', 'பாதை' என்று எழுதிவிடலாம் என்பதால் குழந்தைக்கு ஊக்கம் பிறக்கும். பின்னர் மற்ற மெய்கள். விசைப்பலகையின் படத்தைத் தாளில் வரைந்து ஒட்டினால் கணினி இல்லாத நேரத்திலும் விரல் பழகும்.

அதன்பின் இணைச்சொற்களைப் பயிற்சியாகக் கொடுக்கலாம்: மனம் – மணம், பலம் – பழம், பல்லி – பள்ளி, அரம் – அறம். இப்பயிற்சியின்போது ஊகச் சொற்களைக் காட்டும் வசதியை நிறுத்திவைப்பது நன்று. தட்டச்சுப் பயிற்சி எழுத்துப்பிழை நீக்கும் பயிற்சியாகவும் ஆகும். கையெழுத்தை இதனால் கைவிடலாகாது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

ரோமன் வழியில் முன்னரே பழகிய மாணவரையும் ஆசிரியரையும் குறைகூற வேண்டியதில்லை. எழுதாமல் இருப்பதினும் எவ்வழியிலேனும் தமிழ் எழுத்தில் எழுதுவது மேல். அவர்கள் பெரிய 'என்', சிறிய 'என்' வேறுபாட்டைப் பேணி, ஊகச் சொல்லை ஆராய்ந்து தேர்ந்தால் தவறுகள் குறையும்.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே தமிழ் பயிற்றுமொழி அன்று; ஒரு பாடம் மட்டுமே. அப்பாடமும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அமைய வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் ஏற்பாடு. அவர்கள் நாள்தோறும் எழுதும் தமிழ் பாடநூலைவிடப் புலனத்திலும் பிற செயலிகளிலும்தான் மிகுதி. தமிழ் விசை கைவராதவர் அங்கே தமிழையே ரோமன் எழுத்தில் எழுதத் தொடங்குகிறார். சில ஆண்டுகளில் தமிழ் எழுத்து அவருக்குப் படிக்க மட்டும் உரியதாகி, பின் அதுவும் தளர்கிறது. தமிழ்ப்பள்ளியின் ஆறு ஆண்டுகளே விரலுக்குத் தமிழைத் தரும் காலம். அக்காலத்தை நழுவவிட்டால், பின்னர் வாய்ப்பது அரிது.

இப்பொழிவைக் கேட்ட ஆசிரியர்கள் தத்தம் பள்ளியில் ஒரு வகுப்பிலேனும் வரும் பருவத்தில் இப்பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மாணவர்களே, உங்கள் கணினியின் அமைப்புப் பகுதியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, உங்கள் பெயரை முதலில் எழுதிப் பாருங்கள். அடையாள அட்டையில் அது எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும், தமிழில் அதற்கு ஒரே எழுத்துமுறைதான் உண்டு.